புல்லைச் செருக்க வேண்டாம்

குவைத்
ஜனவரி 6

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி? என்னோடு அறையில் இருக்கும் ஜொனதன் அண்ணை லீவில் ஊருக்கு வருகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் இதைச் சொல்ல எனக்கு வராது.

நத்தார் மரம் வைக்க இங்கே சவுக்கங்கொப்பு ஏது? எங்கள் அறைக்கு முன்னால் இடுப்பளவு மணற்கும்பி ஒன்று இருந்தது. அதன் உச்சியில் நின்ற முட்பற்றையை வெட்டிவந்து பலூன் கட்டினேன். முள்ளுக் குத்தி எல்லாம் வெடித்தன. அடுத்த கிழமை காற்றடித்தபோது சோற்றிலும் படுக்கையிலும் மணல், கும்பி பாதியாகிவிட்டது.

“பற்றைதானடா பறக்கிற மண்ணைப் பிடிச்சு வைச்சிருந்தது. அதைப் போய் வெட்டிப்போட்டியே!” என்று ஜொனதன் அண்ணை சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகுதான் அப்பாவின் நினைவு வந்தது. கல்லறையை நான் வந்து கட்டுகிறேன் என்றதால் அது இன்னும் வெறும் மண்மேடுதானே. “சோளகக் காத்துக்கு மண் இறங்கிக்கொண்டே போகுது, மகன்” என்று ஆவணியில் சொன்னீர்கள். நீங்களோ சனிக்கிழமை தவறாமல் போய்ப் புல்லைச் செருக்கித் துப்புரவாக்குகிறீர்கள்.

இனிச் செருக்க வேண்டாம், அம்மா. கவனிக்க ஆளில்லாத கல்லறை என்று அரியாலைச் சனம் கதைத்தால் கதைக்கட்டும். புல் அப்படியே நிற்கட்டும்.

ஜொனதன் அண்ணையை எயார்போட்டுக்கு ஏற்றும் வான் வந்துவிட்டது, ஹோர்ன் அடிக்கிறார்கள். அப்பாவின் அடக்கத்தன்று போன் வீடியோவில் ஆட்களின் முதுகைத்தான் கண்டேன். அந்த மேடும் போய்விட்டால் நான் வந்து எந்த இடத்தில் நின்று அழுவது?

உங்கள் மகன்,
றயன்