கடைசி அரைச் சுற்று

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
03.07.1980

அன்பு மகன் ஸுஹைருக்கு வாப்பா எழுதிக்கொள்வது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் உம்மாவும் தங்கச்சி லைலாவும் சுகமாக இருக்கிறோம். குவைத் வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆக் கேட்கிறோம். வாப்பா தன் கையால் எழுதுகிறாரே, யாருக்கும் ஏதும் ஆகிவிட்டதோ என்று பயப்படாதே, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. நீ போய் இரண்டு வருடமாக உம்மாவுக்குத்தான் எழுதுகிறாய், கடைசி வரியில் வாப்பாவுக்கும் சலாம் என்று போடுகிறாய். லைலா அந்த வரியை வாசிக்கும்போது நான் வெற்றிலைத் தட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். அவளுடைய நிக்காஹ் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நடக்கும், உனக்கு லீவு கிடைக்காது என்று எழுதியிருந்தாய். லீவு கிடைக்காதது காரணம் இல்லை என்று அன்றைக்கு உம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நோன்பு வர இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது, இதை மனதில் வைத்துக்கொண்டு நோன்பு பிடிக்க எனக்கு ஏலாது.

போன மாதம் துறைமுக வேலைக்கு வந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் தன் ஒட்டோமற்றிக் காரைக் கொண்டுவந்து விட்டார். கியர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றி, வடிகட்டியை மாற்றி, எண்ணெய் மாற்றித் தரவேண்டும். நான் தட்டைக் கழற்றித் துடைத்து, ஒழுக்கை அடைக்கும் புதுக் கஸ்கட் வைத்து, அதற்கு மேலே பசையும் பூசி, பதினான்கு திருகாணியையும் நீட்டு ஸ்பனர்ச் சாவியால் நன்றாக இறுக்கினேன். மறுநாள் காலை காருக்குக் கீழே சிவப்பு எண்ணெய் நின்றது. ஆணிகளை இன்னும் இறுக்கினேன், ஒழுக்கு இன்னும் கூடியது. திரும்பக் கழற்றி இரண்டு மடங்கு பசை பூசினேன், அதற்கும் ஒழுகியது. மூன்றாம் தரம் கழற்றியபோது எனக்கு வந்த கோபத்தில் தட்டை வீசி எறியப் பார்த்தேன். பிறகு என்ன நினைத்தேனோ, உம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து மேசையில் படுக்க வைத்து அதன் மேல் தட்டைக் கவிழ்த்தேன். ஆணி ஓட்டைகள் இருக்கும் இடம் மட்டும் கண்ணாடியைத் தொட்டது, ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் தகடு தூக்கிக்கொண்டு நின்றது. சட்டைப் பையில் கிடந்த உன் கடித உறையை அந்த இடைவெளியில் விட்டுப் பார்த்தேன், தடையில்லாமல் உள்ளே போனது. அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன் மகன்.

இக்னேசியஸ் ஐயாவின் மகள் கிறிஸ்டினின் கலியாணக் கார் உனக்கு மறந்திருக்காது. அந்தப் பெரிய ஒட்டோமற்றிக் காரின் கியர் பெட்டித் தட்டை மாட்டியது நீ. இரண்டு நாள் மினக்கெட்டு விளிம்பைப் பலகையில் வைத்துத் தட்டி நேராக்கினாய், பழைய கஸ்கட்டைச் சுரண்டினாய், பெற்றோல் துணியால் துடைத்தாய். வேலை முடிந்து ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது, "வாப்பா, இது லொறி இல்ல, மெல்லிய தகடு. ரெண்டு விரல் பலம் போதும், கூட இறுக்கினா நெளிஞ்சிடும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாய். நம் கராஜில் இருக்கிற வழக்கமும் உனக்குத் தெரியும். யார் செய்த வேலையானாலும் வண்டி வெளியே போக முன்னர் முதலாளியின் கை ஒருமுறை பட வேண்டும். நீ படி இறங்கியதும் நான் சாக்கை விரித்துக் காருக்குக் கீழே படுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, நீட்டுச் சாவியால் ஒவ்வோர் ஆணியையும் அரைச் சுற்று இறுக்கினேன். கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. என் மகனின் வேலை உறுதியாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன்.

இரண்டாம் நாள் மணப்பெண்ணோடு அந்தக் கார் கண்டி வீதியில் கப்பல்துறைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை, வந்த வழியெல்லாம் சிவப்பு எண்ணெய். கிறிஸ்டின் வெங்காய லொறியில் ஏறிக் கோயிலுக்குப் போனாள். நாம் இருவரும் போய்ச் சேர்ந்தபோது, கலியாணத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் முன்னால் இக்னேசியஸ் ஐயா, "ஆர் பாஸ் இதை இறுக்கினது?" என்று கேட்டார். நீ "நான்தான்" என்றாய். நான் வாய் திறக்கவில்லை. கடைசியாக அந்த ஆணிகளில் பட்டது என் கை என்று தெரிந்துகொண்டும் திறக்கவில்லை. அதோடு விட்டேனா, இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை, சபைக்கு நடுவில், கன்னத்தில் அறைந்தேன். இறுக்கினால் ஒழுகாது என்றுதான் அன்றைக்கு நம்பினேன் என்று சொல்லித் தப்பலாம். ஆனால் மனதுக்குள் ஒரு மூலையில் எனக்குச் சந்தேகம் இருந்தது, அதை அமுக்கத்தான் கை அவ்வளவு வேகமாக எழும்பியது. அதற்காக வெட்கப்படுகிறேன்.

எஞ்சினியரின் தட்டை நீ செய்த மாதிரியே செய்தேன். விளிம்பைத் தட்டிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துச் சமப்படுத்தினேன். பசையை எல்லாம் சுரண்டி, ஆணி ஓட்டைகளுக்குள் நின்ற எண்ணெயையும் துணி விட்டுத் துடைத்தேன், கஸ்கட்டைக் காய்ந்தபடியே வைத்தேன். பதினான்கு ஆணியையும் முதலில் கையால் திருகி, பிறகு சின்னச் சாவியை இரண்டு விரலால் பிடித்து, நடுவில் தொடங்கி எதிரும் புதிருமாக மூன்று தரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். எண்ணெய் விட்டு, எஞ்சினைச் சூடாக்கி, கீழே பேப்பர் விரித்தேன். அதற்குப் பிறகுதான் பெரிய சோதனை. இன்னும் ஒரு அரைச் சுற்று போடு, போடு என்று கை அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் நீட்டுச் சாவியை உம்மாவிடம் கொடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். ஏன் என்று அவ கேட்டா, நான் முழுவதையும் சொல்லிவிட்டேன். மூன்று நாளாக என்னோடு கதைக்கவில்லை, சோற்றை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவா. நாலாம் நாள் நான் கப்பல்துறைக்கு பஸ் ஏறி இக்னேசியஸ் ஐயாவிடமும் போய்ச் சொன்னேன். கிறிஸ்டின் கைப்பிள்ளையோடு அங்கேதான் நின்றாள், அவளும் கேட்டாள். ஐயா, "என்னட்டச் சொல்லி என்ன பாஸ், பெடியனிட்டச் சொல்லுங்கோ" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

வாப்பாவை மன்னித்துவிடு என்று உம்மாவுக்காகவோ லைலாவுக்காகவோ உன்னிடம் கேட்கவில்லை, எனக்காகவே கேட்கிறேன். மன்னிக்க மனம் வராவிட்டாலும் நிக்காஹ்வுக்கு வா, என்னோடு கதைக்காமலே நின்றுவிட்டுப் போ, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். வெயிலில் வெறுந்தலையோடு நிற்காதே, நோன்பு காலத்தில் சஹர்ச் சாப்பாட்டை விடாதே. ஒன்றை மட்டும் மறக்காதே. அங்கே நீ மாட்டிய தட்டில் இன்னொருவன் வந்து சாவி வைத்தால் விடாதே, மேலாள் என்றாலும் விடாதே. என் வாப்பா அபூதாஹிர் இப்படித்தான் ஒரு கலியாணக் காரைக் கெடுத்தார் என்று என் பெயரைச் சொல்லியே தடு.

உன் கைக்கும் பிழைப்புக்கும் அல்லாஹ் பரக்கத்தைத் தருவானாக.

இப்படிக்கு,
உன் வாப்பா,
அ. அபூதாஹிர்

பி.கு.: இதோடு உள்ளங்கை அளவு பேப்பர்த் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். அதில் இருக்கும் செய்தியை வாசிக்க வேண்டாம். ஒரு கிழமை முழுவதும் அந்தத் தட்டுக்கு நேர் கீழே கிடந்த பேப்பர் அது. தடவிப் பார் மகன், காய்ந்திருக்கிறது.