லேப்டாப்பின் சத்தத்தைக் கூட்டிய பிறகு

என் வாலுக்குட்டிக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன், இப்படி எழுதத்தான் கை போனது, நிறுத்திவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், பதினோரு நாள் தாமதமாகத் தெரியும். நீ சொன்னபடியே போனில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை, ஆபீஸ் மெயிலுக்கும் எழுதவில்லை, பக்கத்து சீட் அக்கா பேருக்குத்தான் கூரியரில் போடுகிறேன். அவர் கொடுத்ததும் எங்காவது கதவைச் சாத்திக்கொண்டு நின்று முழுசாகப் படி. மற்றதெல்லாம் பிறகு, முதலில் இதைத் தெரிந்துகொள். நீ அனுப்பிய வீடியோவுக்குப் போனில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேனே, அது நீ கேட்டதற்குப் பதில் இல்லை. நீ கேட்டதே என் காதில் விழவில்லை. புறப்பட்டு வந்துவிடு அம்மா.

அன்றைக்கு உன் அம்மா வீட்டில் இல்லை. சித்திக்கு இடுப்பில் ஆபரேஷன் என்று துணைக்குப் போயிருந்தாள். சித்தி இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாள், வாய் மட்டும் வாக்கர் இல்லாமலே ஓடுகிறது. வீட்டில் நான் தனி. மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் பாத்ரூம் சுவரை இடிக்கிறார்கள், காலையில் டிரில் மிஷினை எடுத்தால் நம் வீட்டு அலமாரியில் டம்ளர் ஆடுகிறது. நீ கல்யாணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போன லேப்டாப்பைத் திறந்தேன், உன் மெயில் வந்திருந்தது, அமுக்கினேன், உன் முகம் வந்தது. ஏதோ சின்ன அறை, பின்னால் வெள்ளைப் பலகை, நீ கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையில் உட்கார்ந்து பேசுகிறாய். வாய் அசைகிறது, சத்தம் மட்டும் எறும்பு இருமுகிற மாதிரி வருகிறது. வெயில் காலத்தில் என்ன முழுக்கைச் சட்டை, ஏசி ஆபீஸ் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன் பார், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். என் காது போய்விட்டது ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது என்று உன் அம்மா சொல்வாள். அதை ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

மூலையில் இருக்கிற ஸ்பீக்கர் படத்தை அமுக்கி நூறு வரைக்கும் ஏற்றினேன், அப்படியும் எறும்புதான். எவனோ எப்போதோ சொன்ன ஞாபகத்தில் எவர்சில்வர் பேசினுக்குள் வைத்துப் பார்த்தேன், கணகணவென்று இரைந்ததே தவிர ஒரு சொல் பிடிபடவில்லை. மறுபடி கட்டிலில், மடித்த போர்வை மேல் வைத்தேன். அப்புறம் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தை ஆரம்பித்தேன். இந்த வீட்டில் எது மக்கர் பண்ணினாலும் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியாதா, ஓங்கி ஒரு அறை. பழைய டிவிக்கு இடது கன்னத்தில், மிக்ஸிக்கு மண்டையில், ஃபேன் ரெகுலேட்டருக்கு முஷ்டியால். அதுகளும் பயந்துகொண்டு ஓடியிருக்கின்றன. லேப்டாப்பை இரண்டு பக்கமும் மாறி மாறி அறைந்தேன், பேசு, பேசித் தொலை என்று திட்டிக்கொண்டே அறைந்தேன். ஒரு பட்டன் பிய்ந்து கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. திரையில் நீ அந்த அடியையெல்லாம் வாங்கிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாய். கடைசியில் கண்ணைத் துடைத்து லேசாகச் சிரித்தாய். சிரிக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள் என்று முடிவு பண்ணி, கட்டைவிரலை அனுப்பிவிட்டு, உன் அம்மாவுக்குப் போன் போட்டு, பொண்ணு ராணி மாதிரி இருக்கா, எல்லாம் கேட்டேன், உன்னையும் விசாரிச்சா என்று வாய் கூசாமல் புளுகினேன். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. வேலையாக இருப்பாய் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

இந்த இடத்தில் உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் முப்பத்திரண்டு வருஷம் நின்ற, இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற பிரஸ் ஷாப்பில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. வண்டிக் கதவுக்கான தகட்டை ஒருவர் உள்ளே வைப்பார், பொத்தானில் இன்னொருவர் நிற்பார், நடுவில் நின்று சைகை காட்டுவது என் வேலை. கட்டைவிரலைத் தூக்கினால் அடிக்கலாம் என்று அர்த்தம். ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து. வேறு பேச்சே கிடையாது. சின்ன வயசில், என்னோடு தகடு வைத்த மீசை மாமா நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம், மாமாவுக்கு ஏன் மூணு விரல் இல்லை என்று கேட்டு எல்லோரையும் நெளிய வைப்பாயே, மிஷின் கோளாறு என்று சொல்லி உன் வாயை அடைத்தேன். மிஷின் நன்றாகத்தான் இருந்தது. தகடு கோணலாக உட்கார்ந்துவிட்டது, அவர் கையை உள்ளே விட்டுச் சரி பண்ணிக்கொண்டே என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை, ரெடி என்கிறார் என்று நானே நினைத்துக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கினேன். பிரஸ் இறங்கியது. மேலே போனபோது தகட்டில் ரத்தமும் அவருடைய விரல்களும் இருந்தன, அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, இருன்னுதானேடா சொன்னேன், இருன்னுதானே சொன்னேன் என்று கத்தியது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்காததைக் கேட்ட மாதிரி தலையாட்டியதற்கு அவர் மூன்று விரலைக் கொடுத்தார். அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை, அதே கட்டைவிரலை உனக்கும் காட்டியிருக்கிறேன்.

போன சனிக்கிழமை உன் அம்மா திரும்பி வந்தாள். பையைக் கீழே வைத்ததும் வீடியோவைப் போடச் சொன்னாள். போட்டேன், அவளுக்கும் சரியாகக் கேட்கவில்லை. நீங்க எப்படிக் கேட்டீங்க என்று ஒரு பார்வை பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன். உன் அம்மாவைப் பற்றித்தான் தெரியுமே, ஒரு பொருளை எடுத்தால் அக்கக்காகப் பார்ப்பாள். லேப்டாப்பைத் தூக்கித் திருப்பினாள், அடிப்பக்கத்தில் ஓரமாக ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே, அதுதானாம் ஸ்பீக்கர். வாயைப் போர்வையால பொத்திட்டு பேசு பேசுன்னு அடிச்சிருக்கீங்க, அது எப்படிப் பேசும் என்றாள். சாப்பாட்டு மேஜை மேல் வெறும் பலகையில் வைத்தாள், பழைய பல் பிரஷ்ஷால் ஓட்டைகளில் இருந்த தூசியைத் தட்டினாள், ஒரு விரல்கடை பஞ்சு மாதிரி வந்தது. மூலையில் நூறு இருந்தாலும் வீடியோ ஓடுகிற பெட்டிக்குள் தனியாக இன்னொரு கோடு இருக்கிறது, அது முப்பதில் கிடந்தது, அதை ஏற்றினாள். சித்தியின் மருமகள் சொல்லிக்கொடுத்தபடி சவுண்ட் செட்டிங்குக்குள் நுழைந்து, மெல்லிய சத்தத்தைப் பெரிசாக்குகிற ஒரு கட்டத்தில் டிக் போட்டாள். அதுவும் போதவில்லை என்று, சத்தத்தை நூறுக்குப் பதில் இருநூறு வரை ஏற்றுகிற வேறொரு பிளேயரை இறக்கி அதில் உன்னைப் போட்டாள். மாடியில் டிரில் ஓடிக்கொண்டிருந்தது, டீ குடிக்க அவர்கள் நிறுத்தும்வரை இரண்டு பேரும் மேஜைக்கு முன்னால் காத்திருந்தோம். நின்றது. உன் அம்மா அமுக்கினாள்.

எல்லாம் கேட்டது. எனக்கே கேட்டது. அப்பா, அம்மா, அவர் என்னை அடிக்கிறாருன்னு நீ ஆரம்பித்தாய். முதலில் தட்டை வீசினான், அப்புறம் அலமாரிக் கதவில் உன் தலையை மோதினான், சார்ஜர் வயரால் முதுகில் அடித்தான், போன மாதம் கையை முறுக்கியதில் எலும்பில் கீறல் விழுந்து, படியில் விழுந்தேன் என்று டாக்டரிடம் பொய் சொன்னாய். கழுத்துப் பொத்தானைக் கழற்றிக் கன்றிப்போன இடத்தைக் காட்டினாய், அதை நான் அன்றைக்கே பார்த்தவன்தான், நிழல் விழுகிறது என்று நினைத்தேன். கடைசியாகக் காதோடு சேர்த்து அறைந்ததில் இடது காது அடைத்துக்கொண்டு இரைகிறது என்றாய். அப்பாவும் ஒரு தடவை அம்மாவைக் காதுல அடிச்சாருல்ல, அப்புறம் நல்லாத்தானே இருந்தீங்க, அதை நெனச்சுத்தான் முதல் தடவை விட்டுட்டேன் என்றாய். நான் இன்னும் பொறுத்துப் போகணுமாப்பா, நீங்க சொல்றதைச் செய்யுறேன் என்று கேட்டுவிட்டு, போன்லயும் மெயில்லயும் இதைப் பத்திப் பேசாதீங்க, அவர் எல்லாத்தையும் பார்ப்பாரு, பக்கத்து சீட் அக்கா பேருக்கு எழுதுங்க, எப்ப வேணாலும் வீட்டுக்கு வான்னு சொல்லியிருக்காங்க என்று சொல்லிச் சிரித்தாய். அதற்குத்தான் நான் கட்டைவிரல் அனுப்பியிருக்கிறேன். அடிக்கலாம் என்று அனுப்பியிருக்கிறேன்.

வீடியோ நின்றது. உன் அம்மா லேப்டாப்பை மெதுவாக மூடினாள், எழுந்து வந்தாள், என் இடது காதோடு சேர்த்து ஒரு அறை விட்டாள். நாற்காலியோடு சாய்ந்தேன். அவள் அந்தக் கையை இத்தனை வருஷமாக எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. நீ எட்டு வயசில் வாசல்படியில் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாயே, அந்த அறைக்கு இது பதில். அன்றைக்கு ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, நீ படிக்கிறாய் என்று அவள் சத்தத்தைக் குறைத்தாள், அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். மூன்று நாள் அவளுக்குக் காது இரைந்தது, நான்காம் நாள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். சரியாகவில்லை வாலு. நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம் என்று நீ நினைத்ததும் சரியில்லை. அதற்குப் பிறகு நான் ரேடியோ கேட்கும்போது அவள் அந்த அறைக்குள்ளேயே வந்ததில்லை, இதை நான் இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு தடவைதானே என்று அவள் விட்டதைப் பார்த்து நீயும் விட்டிருக்கிறாய். அவன் கையை ஓங்குவதற்கு முன்னால் நான் ஓங்கியிருக்கிறேன். இதை எழுதும்போது எனக்கு என்னையே ஓங்கி அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு எனக்கு வெறி பிடித்துவிட்டது. டூல் பெட்டியிலிருந்து இரண்டு கிலோ சுத்தியலை எடுத்துச் செருப்பை மாட்டிக்கொண்டேன். அவன் மணிக்கட்டை ஒரு கல்மேல் வைத்து, மீசை மாமாவுக்கு நடந்ததை அவனுக்குக் கணக்காக நடத்திக் காட்டுகிறேன் என்று கத்தினேன், மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உன் அம்மா கதவை மறித்து நின்றாள். நீங்க அவனைக் கொன்னுட்டு ஜெயில்ல உட்காருங்க, நான் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவரவா, பிள்ளையைப் பார்க்கவா, இன்னுமா அடிச்சாத்தான் சரியாகும்னு நினைக்கிறீங்க என்றாள். சுத்தியல் கையில் கனத்தது. அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன், சாவி அவளிடம் இருக்கிறது. கோபம் போய்விட்டது என்று நினைக்காதே, அது அடுப்பு மாதிரி எரிந்துகொண்டுதான் இருக்கிறது, மாப்பிள்ளை என்ற சொல் இந்த வீட்டில் இனி கிடையாது. திங்கட்கிழமை காது டாக்டரிடம் போய் மிஷின் வாங்கி மாட்டிக்கொண்டேன். சண்டாள மிஷின், ஸ்பூன் விழுந்தால் இரும்புக் கம்பி விழுந்த மாதிரி இருக்கிறது, உன் அம்மா முணுமுணுப்பதெல்லாம் கேட்கிறது, இத்தனை நாள் என்னை என்னவெல்லாம் திட்டியிருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிகிறது. ஆனால் கழற்றப்போவதில்லை.

இனி நீ செய்ய வேண்டியது. இதைப் படித்த அன்று சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போகாதே. ஒரே ஒரு புடவை எடுக்க, ஒரே ஒரு வார்த்தை பேச என்றுகூடப் போகாதே. நேராக அக்கா வீட்டுக்குப் போய்விடு, அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் அவருக்கு என் கும்பிடு. காதை உடனே டாக்டரிடம் காட்டு, இந்தத் தடவை படியில் விழுந்தேன் என்று சொல்லாதே, நடந்ததைச் சொல்லி எழுதி வாங்கிக்கொள், போலீசுக்குப் போகும்போது அது வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் டிக்கெட் போட்டுவிட்டோம், வியாழக்கிழமை காலை உன் ஆபீஸ் வாசலில் நிற்போம், நான் மட்டும் வந்தால் கொலை விழும் என்று உன் அம்மாவும் வருகிறாள். சர்டிபிகேட்டெல்லாம் ஆபீஸ் டிராயரில் இருப்பதாக முன்பு சொன்னாய், அதை மட்டும் மறக்காமல் பையில் வைத்துக்கொள். மற்ற சாமானெல்லாம் அங்கேயே கிடந்து நாசமாகட்டும். உன் அறையை உனக்காக ஒழித்து வைத்திருக்கிறோம், லேப்டாப் மேஜை மேல் இருக்கிறது, பிய்ந்த பட்டனை உன் அம்மா பசை போட்டு ஒட்டிவிட்டாள்.

என் தங்கமே, உன் உடம்பில் ஒரு கீறல்கூட இனிப் புதிதாக விழாமல் நூறு வயசு வாழ வேண்டும், தலை நிமிர்ந்து வாழ வேண்டும். மறுபக்கத்தைத் திருப்பிப் பார். தாளில் என் கையை வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்திருக்கிறேன், அதற்குள்ளே இருக்கிற சின்னக் கை உன் அம்மாவுடையது. கட்டைவிரல் இல்லை, ஐந்து விரலும் விரித்த உள்ளங்கை. எங்கள் ஷாப்பில் இதைக் காட்டினால் எவ்வளவு பெரிய பிரஸ்ஸும் பாதியில் நின்றுவிடும். நீ கேட்டாயே, இன்னும் பொறுத்துப் போகணுமா என்று. இதுதான் பதில்.

இனிமேல் கேட்காவிட்டால், கேட்கவில்லை, திரும்பச் சொல் என்று கேட்கப்போகும்
உன் அப்பா