பதினேழு சீட்டுகள்

ரொய்ட்லிங்கன்,
மார்ச் 9

அன்பும் மதிப்பும் உள்ள ரோஸ்விதா அவர்களுக்கு,

எதிர் வீட்டு கெர்லிண்டே எழுதுகிறேன். மகள் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறீர்களா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. உங்கள் வீட்டுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. நம் இருவருக்கும் பொதுவான படியை இந்த வாரம் பெருக்குவது யார் முறை என்று காட்டும் பலகை மாதக்கணக்கில் என் கதவிலேயே தொங்குகிறது.

உங்கள் முறை வந்தால் மூலைகளில் மண்ணும் முடியும் அப்படியே கிடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படியில் எதிரே வந்தாலும் முகம் கொடுக்காமல் போவீர்கள். மேல்வீட்டு இர்ம்கார்ட், "மகாராணி குனிஞ்சா கிரீடம் விழுந்துடும்ல" என்று ஏற்றிவிடுவாள். நானும் சிரிப்பேன். என் முறையிலும் இரண்டு வாரம் நான் துடைப்பத்தைத் தொடவே இல்லை. அதற்கு இடுப்பு வலி என்று காரணம் வைத்திருந்தேன். உங்களுக்கு மட்டும் திமிர் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பிறகுதான் சீட்டு எழுதி உங்கள் கதவிடுக்கில் செருக ஆரம்பித்தேன். மூலை என்று ஒன்று இருப்பது தெரியுமா என்று ஒன்றில். பன்றி கூட இதைவிடச் சுத்தமாகப் படுக்கும் என்று இன்னொன்றில். இப்படியே பதினேழு. ஒன்றுக்கும் பதில் இல்லை. படியில் நானாக வாயைத் திறந்தால் மட்டும், "கெர்லிண்டேவா? நீங்க ரொம்ப நல்லவங்க" என்று சிரிப்பீர்கள். குத்திக்காட்டுகிறீர்கள் என்று எனக்கு இன்னும் கொதிக்கும். கடைசியில் மூலைகளைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். ஆமாம், நான்தான். அவர் எச்சரிக்கைக் கடிதம் போட்டார். ஒரே மாதத்தில் நீங்கள் காலி செய்துவிட்டீர்கள்.

போன சனிக்கிழமை மிச்சமிருந்த சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்க வந்த உங்கள் மகள் ஹைட்ருன் ஒரு பிஸ்கட் டப்பாவை என் கையில் வைத்தாள். உள்ளே அத்தனை சீட்டும் இருந்தன. "அம்மாவுக்கு ரெண்டு வருஷமா எழுத்தே கண்ணுக்குத் தெரியலை. பார்வை போறது தெரிஞ்சா நான் கூட்டிட்டுப் போயிடுவேன்னு மறைச்சிருக்காங்க. வீட்டுக்காரர் கடிதத்தை நான் படிக்கப்போய்த்தான் எல்லாம் தெரிஞ்சுது. படி பெருக்கினதுக்கு நீங்க நன்றி எழுதி வைக்கிறதா நெனச்சு இதைப் பத்திரமா வெச்சிருந்தாங்க" என்றாள். அவள் எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். உங்களிடம் மட்டும் சொல்லவில்லையாம்.

ஐயோ, அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று நின்றேன். நான் உங்களைப் பற்றி நினைத்ததும் பொய், நீங்கள் என்னைப் பற்றி நினைத்ததும் பொய். உங்கள் பொய்யாவது அன்பில் பிறந்தது.

ஹைட்ருன், இதை நீதான் படித்துக் காட்டப் போகிறாய். அம்மா மனசு நோகும் என்று ஒரு வரியையும் தாண்டிவிடாதே. என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டே அவர் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. ரோஸ்விதா, உங்கள் நாட்கள் நிம்மதியாகக் கழியட்டும். எல்லாம் கேட்ட பிறகும் என் குரலைக் கேட்கலாம் என்று அம்மா சொன்னால், ஹைட்ருன், ஒரு வரி போடு. அடுத்த ரயிலில் வருகிறேன்.

மன்னிப்புக் கேட்கவும் கூசும்,
கெர்லிண்டே