நான்கு தடவை கேட்ட கேள்வி

மார்ச் 11, செவ்வாய்

உயரமான இடத்தில் மனித உடம்பு என்ன ஆகிறது என்று ஆராய டாக்டர் வாணியின் குழு நேப்பாளம் போகிறது. பத்திரிகைக்குச் செய்தி எழுத நானும். ஓய்வுபெறும் வருஷத்தில் இப்படி ஒன்று. விஜயனுக்குச் சிரிப்பு: "பத்துமலைப் படியிலயே மூணு எடத்துல உட்காருவே. நீ எவரெஸ்ட் பக்கம் போறியா?"

கட்டிய கணவர். சொல்லட்டும்.

மார்ச் 14, வெள்ளி

ஆய்வுக்கூடத்தில் முகமூடி மாட்டி, மலையில் கிடைக்கும் அளவுக்கு ஆக்சிஜனைக் குறைத்தார்கள். அப்படியே வாணியைப் பேட்டி எடுத்தேன். மூச்சு வாங்கவில்லை. நல்ல பேட்டி என்றே நினைத்தேன்.

"அக்கா, உங்களைக் கூட்டிட்டுப் போக முடியாது லா."

ஏன்? நான் நல்லாத்தானே இருந்தேன்? சண்டை போட்டேன்.

"அதான் பயம். ஆக்சிஜன் அவ்வளவு எறங்கியும் உங்களுக்குத் தெரியல. ரெக்கார்டிங்கைக் கேட்டுப் பாருங்க."

மார்ச் 15, சனி

கேட்டேன். 'இந்த ஆய்வால் யாருக்குப் பயன்?' – நான்கு தடவை கேட்டிருக்கிறேன். நான்கு தடவையும் வாணி, சலிப்பே இல்லாமல், அப்போதுதான் கேட்டதுபோல் பதில் சொல்லியிருக்கிறார்: நுரையீரல் நோயாளிகளுக்கு.

கோபம் போய்விட்டது. ஏமாற்றம் இருக்கிறது.

மார்ச் 29, சனி

போய்விட்டார்கள். பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்து, ஃபோனில் கேட்டு எழுத வேண்டியதுதான்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் வாணி பேசினார், ஐயாயிரம் மீட்டர் உயரத்து விடுதியிலிருந்து. உற்சாகமான குரல். "அக்கா, கிள்ளான்ல தண்ணி வடிஞ்சிருச்சா?" போன வாரம் வெள்ளம் புகுந்த ஊர்; அவர் அம்மா வீடு அங்கே. வடிந்துவிட்டது, அம்மா வீடு திரும்பிவிட்டார் என்றேன். கொஞ்சம் பேசிவிட்டு மறுபடியும் கேட்டார். மூன்றாம் தடவையும்.

இந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேனே – என் ரெக்கார்டிங்கில்.

உடன் போன ஆய்வாளர் தனேஷிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னேன். "வாணி விரல்ல ஆக்சிஜன் பார்க்கிற கருவியை மாட்டிப் பாருங்க."

"டாக்டர்தானே எங்களுக்குப் பார்ப்பாங்க, ஆன்டி."

"அவங்களுக்கு யார் பார்க்கிறா?"

கருவியைத் தேடி எடுக்கும் சத்தம். பிறகு, மெதுவாக: "ஆன்டி… அறுபத்திரண்டு."

அந்த உயரத்திலும் எண்பதையாவது தொட வேண்டும். உடனே ஆக்சிஜன் கொடுத்துக் கீழே இறக்குகிறார்கள். நான் அங்கே போயிருந்தால், இரண்டு பேரும் கேட்டதையே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருப்போம்.

ஏப்ரல் 11, வெள்ளி

தகவல் இல்லை. விஜயன் கிண்டல் செய்யவில்லை. தேநீர் போட்டுத் தந்தார்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. பாயசம் கொதிக்கும்போது ஃபோன் வந்தது. கீழே ஒரு கிராமத்தில் தேறியிருக்கிறார். கம்மிய குரல், ஆனால் தெளிவாக.

"அன்னிக்குப் பேசினது ஒண்ணுமே நெனைவில்ல அக்கா. கிள்ளான்ல தண்ணி வடிஞ்சிருச்சா?"

"வடிஞ்சிருச்சு வாணி. அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க," என்றேன், அப்போதுதான் கேட்டதுபோல்.