கேமராவுக்கு மட்டும் தெரிந்த அக்கா

மார்ச் 4, செவ்வாய்

என் பேருந்தின் முன்கண்ணாடியில் இன்று கேமரா பொருத்தினார்கள். இருபத்தாறு வருடம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவனுக்குப் பட்டன் அளவில் ஒரு காவல். தினமும் ஈரத் துணியால் அதன் முகத்தைத் துடைத்துவிட வேண்டுமாம். அதுவும் என் வேலையாம்.

நடத்துநர் போனில் பார்த்துச் சொன்னார்: "மனுஷக் கண்ணு ஐநூறு மெகாபிக்சலுக்கு மேலயாம்ணே. இது வெறும் எட்டு." அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

வெயிலுக்கு நேரே திரும்பினால் கேமராவில் எல்லாம் வெள்ளை. பாலத்துக்கு அடியில் எல்லாம் கருப்பு. எனக்கு இரண்டு இடத்திலும் பளிச்சென்று தெரிகிறது. மேலாளரிடம் சொன்னேன். எழுதித் தரச் சொன்னார்.

மார்ச் 12, புதன்

அக்கா என் மேல் புகார் கொடுத்திருக்கிறாள். கூடப் பிறந்தவள் — டிப்போவுக்கே வந்து, கையெழுத்துப் போட்டு. நேற்று மார்க்கெட் வளைவு நிறுத்தத்தில் அவள் கையைக் காட்டியும் நான் வேண்டுமென்றே நிற்காமல் போனேனாம்.

போன மாதம் என் புது சோபாவை நாலு பேர் முன்னால் ஆஸ்பத்திரி பெஞ்ச் என்றாள். "இனி உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று நானும் கத்தினேன். வாஸ்தவம்தான். அதற்காக ரோட்டில் விட்டுவிட்டுப் போவேனா? அங்கே ஆளே இல்லை. வெறும் சுவர்தான் இருந்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

மேலாளர் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார். அக்கா நிற்கிறாள். சுவருக்கு முன்னால், சிவப்புக் குடையோடு. பையை வேறு ஆட்டுகிறாள்.

நான் வாயைத் திறக்குமுன் அவர் சிரித்தார். "குடும்பத் தகராறுன்னு எழுதி மூடிடறேன். நானும் என் தம்பியோட பேசறதில்ல."

தப்பித்தேன். ஆனால் நான் அவளைப் பார்க்கவே இல்லையே?

மார்ச் 17, திங்கள்

விடுப்பு போட்டு, யாரிடமும் சொல்லாமல் கண் மருத்துவரிடம் போனேன். கிண்ணம் மாதிரி ஒரு இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது பக்கம் புள்ளியே வரவில்லை, இயந்திரம் பழுது என்று புகார் சொன்னேன். வந்துகொண்டுதான் இருந்ததாம்.

கண் அழுத்த நோய். போன பார்வை போனதுதான். சொட்டு மருந்து விட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

"கருப்பா ஒண்ணும் தெரியலையே டாக்டர்?"

"கேமராவுல ஒரு பகுதி கெட்டா படத்துல கருப்பா விழும். நம்ம மூளை அப்படி விடாது. பக்கத்துல இருக்கறத வெச்சு அதுவா நிரப்பிடும்."

ஆக, அக்காவை எடுத்துவிட்டு அங்கே சுவரைப் பூசியிருக்கிறது. கொத்தனாருக்குக்கூட இவ்வளவு சுத்தமான வேலை வராது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் எட்டு மெகாபிக்சலை நக்கல் செய்தேன். இன்னும் யார் யாரைப் பூசியிருக்கிறதோ. ஒரு குழந்தை குறுக்கே வந்திருந்தால்?

மார்ச் 18, செவ்வாய்

காய்ச்சல் என்று விடுப்பை நீட்டினேன். சொன்னால் பேருந்து போய்விடும். சொல்லாவிட்டால் அக்காவுக்கு நான் துரோகிதான். புகார்க் கோப்பை வேறு மூடியாயிற்று, யாரும் கேட்கப்போவதில்லை.

மார்ச் 20, வியாழன்

அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நம்பவில்லை. "மாட்டிக்கிட்டதும் கண்ணு வியாதியா? நல்லா கத கட்டுற." மருத்துவர் சீட்டை நீட்டினேன், தொடவில்லை. நேரே காலண்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு என் இடது பக்கத்தில் வந்து நின்றாள்.

"எத்தனை விரல்?"

"முதல்ல கையைக் காட்டு."

"காட்டிக்கிட்டுத்தான்டா இருக்கேன்."

பிறகு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "இந்தக் கண்ண வெச்சுக்கிட்டா அறுபது பேர ஏத்திக்கிட்டுத் திரிஞ்ச?" என்று அழுதாள். நானும் அழுதேன்.

மார்ச் 21, வெள்ளி

டிப்போவிலும் எல்லாவற்றையும் சொன்னேன். மேலாளருக்குத்தான் கோபம். "தகராறுன்னு மூடினத இப்ப எப்படிங்க திறக்கறது? அதுக்குப் படிவமே இல்ல." சாவியை அவர் மேசையில் வைத்தேன். அதன் பிறகு கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

டிப்போ வாசலில் நின்று தெருவைப் பார்த்தேன். யாரும் இல்லை. தனியாக நடக்க வேண்டியதுதான் என்று காலை எடுத்து வைத்தேன். இடது பக்கத்திலிருந்து ஒரு கை என் முழங்கையைப் பிடித்தது.

"எவ்வளவு நேரமா நிக்கறேன் தெரியுமா?" என்றாள் அக்கா.