கறுப்புக் காரின் வளையங்கள்

மாப்ளே,

இன்று காலை கார் பாலிஷ் பாட்டிலைத் திறந்ததும் மண்ணெண்ணெய் கலந்த மாதிரி அந்த வாசம் வந்தது. நீ இருந்திருந்தால், "ஸ்பாஞ்சு எதுக்கு? கம்பளியக் கொண்டா" என்று கையை நீட்டியிருப்பாய்.

எனக்கு எப்போதும் மெல்லியதில்தான் தொடங்க வேண்டும். மெத்தென்ற ஸ்பாஞ்சு பேடு, நைசான பாலிஷ், உள்ளங்கை அளவு இடம். கீறல் போகவில்லை என்றால்தான் அதைவிடக் கரடானது. "பென்சில் கோட்டுக்கு மை ரப்பரப் போட்டா தாள் கிழியும்டா" என்பேன். "நீ பரீட்சப் பேப்பரத் திருத்து வாத்தியாரே, கார நான் திருத்திக்கிறேன்" என்பாய்.

உன் கறுப்புக் கார் முழுக்க ஏலக்காய்த் தோட்டத்துப் பாதையில் முள் இழுத்த கோடுகள். ஒரு நாள் கம்பளிப் பேடில் காம்பவுண்டு என்கிற கரடான பசையை வைத்து நீயே பாலிஷ் மிஷினை ஓட்டினாய். அவ்வளவு ஆழமான கோட்டுக்கு அதுதான் சரி, நானும் ஒத்துக்கொண்டேன். ஆனால் கம்பளி தன் பங்குக்கு மெல்லிய வளையக் கீறல்களை விட்டுப்போகும். அவற்றை ஸ்பாஞ்சும் நைசு பாலிஷும் கொண்டு எடுக்க வேண்டும். நீயோ மிஷினை அணைத்துவிட்டாய்.

"சோலி முடிஞ்சது. கண்ணாடி மாதிரி இருக்கு பாரு."

காரை வெயிலுக்குத் தள்ளினோம். பானெட் பூராவும் சிலந்தி வலை போல வளையங்கள். விரல் வைத்துக் காட்டினேன். மூக்கு தகரத்தில் இடிக்கிற அளவு குனிந்து பார்த்தாய்.

"எங்கடா? ஒன்னும் இல்லையே."

வீம்புக்குச் சொல்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உன் மகள் சொன்னது ஞாபகம் வந்தது. "ஆபரேஷனுக்கு அப்புறமும் அப்பாவுக்குக் கண்ணு மங்கல்தான் மாமா. மலைக்கு வண்டி ஓட்ட வேணாம்னு நீங்களாவது சொல்லுங்க." மறுநாள் நீ போடிமெட்டு வளைவுகளில் தனியாக ஏறுவதாக இருந்தாய்.

"மாப்ளே, பூராம் இருக்கு. உனக்குத்தான் தெரியல."

துணியை எறிந்தாய். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாய். அப்புறம், "எதிர்ல ஜீப்பு வந்தாலும் இப்படித்தான் தெரியாம இருக்குமோ?" என்று கேட்டாய். சாவியை என் பக்கம் நகர்த்தினாய்.

"நாளைக்கு நீ ஓட்டு. வெரசாப் போகணும், பள்ளிக்கூடத்துச் சைக்கிள் மாதிரி உருட்டாத."

அதன்பின் நீ இருந்தவரை நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் என்னைத் திட்டினாய்.

இப்போது என் காரைத் தேய்த்து முடித்ததும் வெயிலில் நிறுத்தி, மனைவியைக் கூப்பிடுகிறேன். "இந்தா, இங்க வளையம் இருக்கே" என்கிறாள் அவள். சில நாள் எனக்கு ஒன்றும் புலப்படுவதில்லை. "எனக்குத் தெரியலையே, எங்க?" என்று கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.