ஆட்சேபணை இல்லை

அக்டோபர் 7, செவ்வாய்

ஃப்ரீசருக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றிருந்தேன். மருமகள் பார்த்துவிட்டாள்.

"என்ன மாமா, உள்ள ஏதாவது விழுந்துடுச்சா?"

"இல்லம்மா. கை தாங்குதான்னு பார்த்தேன்."

"ஐஸைப் படிக்க அவ்வளவு தூரம் ஏன் போகணும்? இங்கயே ஒரு ஸ்டூல் போட்டுத் தரேன், உக்காந்து படிங்க. கரண்ட் பில்லை மட்டும் உங்க பையன் கண்ணுல காட்டாதீங்க."

சிரித்தேன். விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. அறுபத்தெட்டு வயதில், வெளிநாட்டில், பனிப்பாறைகளைப் பற்றி முதுகலை படிக்க விண்ணப்பிக்கிறேன். எழுதிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. மகனுக்கு வரவில்லை. "நாலு பேர் கேட்டா நான் என்னப்பா சொல்றது?" என்றான். எனக்கும் தெரியவில்லை.

அக்டோபர் 9

வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை மையத்துக்குப் போனேன். நாற்காலி முழுக்கக் காதில் எதையோ மாட்டிக்கொண்ட பிள்ளைகள். வரவேற்பில் இருந்தவர், "பேரப்பிள்ளை வரலையா சார்?" என்று கேட்டார். "வரலை" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்குப் பேரப்பிள்ளையே கிடையாது.

ஆலோசகர் சின்னப் பெண். என் பட்டச் சான்றிதழைக் கிழிந்துவிடுமோ என்பதுபோல் ஓரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அங்கிள், படிப்பு முடிச்சதுக்கும் இப்பவுக்கும் நடுவுல பெரிய கேப் இருக்கு. அதுக்கு விளக்கம் எழுதணும்."

வேலை, கல்யாணம், மகன், மனைவியின் சாவு எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான் நடந்தன. விளக்கம் எழுதுகிறேன் என்றேன்.

"மார்க்கும் சுமார்தான். உங்களைத் தூக்கி நிறுத்தணும்னா பரிந்துரைக் கடிதம்தான். உங்களுக்குப் பாடம் எடுத்தவங்க யாராவது நல்லா எழுதிக் குடுத்தா போதும்."

அக்டோபர் 13

பேராசிரியர்களின் வீடுகளுக்கு ஃபோன் செய்தேன். ஒருவர் போய் இருபது வருடம் ஆயிற்றாம். இன்னொருவர் போன வருடம்தான். மூன்றாவது வீட்டில் ஒரு பையன் எடுத்து, "எந்தத் தாத்தா?" என்றான். மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டேன்.

எனக்குப் பாடம் எடுத்தவர்கள் ஒருவரும் இல்லை.

அக்டோபர் 19

"எதுக்கு இதெல்லாம்?" என்று மகன் மறுபடியும் கேட்டான். மேசைமேல் இருக்கும் கல்லைக் காட்டலாம் என்று நினைத்தேன். காட்டவில்லை.

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த காலத்தில், ஒரு பாலத்தின் அஸ்திவாரத்துக்காக ஆழத்தில் துளை போட்டபோது வந்த கல் அது. உள்ளங்கை அளவு. ஒரு பக்கம் முழுக்க அடுத்தடுத்து நேரான கீறல்கள். பனிப்பாறை இழுத்துக்கொண்டு போன கல்லில்தான் அப்படி விழும் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். வெயில் மண்டையைப் பிளக்கும் இந்த ஊர்மேல் ஒரு காலத்தில் பனி ஊர்ந்து போயிருக்கிறது! அறிக்கையில் 'கல்' என்று மட்டும் எழுதினேன். பாலம் கட்டுகிறவர்களுக்கு அது போதும்.

எனக்குப் போதவில்லை. இதை ஒருவரிடமும் சொல்ல வாய் வருவதில்லை. விளக்கக் கட்டுரையில் மட்டும் ஒரு பத்தி எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 3

ஆங்கிலத் தேர்வு. நீங்கள் ரசித்த ஒரு விருந்தைப் பற்றிப் பேசுக என்றார்கள். எனக்கு விருந்துகள் ஒத்துக்கொள்வதில்லை என்று சொன்னேன். அப்புறம் சொல்ல எதுவும் இல்லை.

நவம்பர் 10

வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரே ஒரு கடிதம் போதும் என்று சொல்லும் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறதாம். ஒன்றே ஒன்று. பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். மண் உலர்த்தும் அடுப்பின் சூடு வாசலிலேயே முகத்தில் அடித்தது. சல்லடைகளை இப்போது வேறு இடத்தில் அடுக்கியிருக்கிறார்கள்.

என்னிடம் வேலை பழகி எனக்கே அதிகாரியானவர்தான் இன்றைக்கும் அங்கே தலைவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை சார் என்பார். இருவரும் சார் சார் என்று கொஞ்ச நேரம் நின்றோம்.

"கடிதம்தானே சார்? நீங்களே எழுதிட்டு வாங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

இங்கே எல்லோரும் செய்வது அதுதான். கேட்கிறவன் எழுதுவான், பெரியவர் கையெழுத்துப் போடுவார். தெரிந்த வழக்கம்தான். ஆனாலும் அந்த அடுப்புப் பக்கத்தில் எனக்குக் குளிர்ந்துவிட்டது.

நவம்பர் 14

என்னைப் பற்றி இன்னொருவர் எழுதுவதுபோல் நான் எழுத வேண்டும். 'மிகச் சிறந்த ஊழியர்' என்று எழுதினேன். 'மிக'வை அடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து 'சிறந்த'வையும் அடித்தேன். ஊழியர் என்பது மட்டும் மிஞ்சியது. அது உண்மை.

நவம்பர் 18

ஆலோசகரிடம் காட்டினேன். 'நேரம் தவறாதவர். வேலையில் நிதானம் அதிகம், வேகம் குறைவு. தலைமைப் பொறுப்பு ஏற்றதில்லை. கூட்டங்களில் பேசும் வழக்கம் இல்லை. இவரைப் பரிந்துரைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.'

படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அங்கிள், உங்க எதிரி எழுதியிருந்தாக்கூட இதைவிட நல்லா எழுதியிருப்பார். ஆட்சேபணை இல்லையா? தண்ணி கனெக்‌ஷனுக்கா கேக்கறோம்?"

"ஆபீஸ்ல அப்படித்தாம்மா எழுதுவோம்."

மாதிரிக் கடிதம் ஒன்று கொடுத்தாள். பிறவித் தலைவர், பம்பரமாகச் சுழல்பவர். அந்த மனிதரை நான் சந்தித்ததே இல்லை.

நவம்பர் 25

ஒரு வாரமாக உட்கார்ந்தேன். 'வேகம் குறைவு' என்பதை எடுத்தேன். பிறகு, பொய்யாகிவிடுமே என்று திரும்பச் சேர்த்தேன்.

டிசம்பர் 1, திங்கள்

அதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"ஒரு தடவை பார்த்துடுங்களேன் சார்."

"நீங்க எழுதினதுல நான் என்னத்தைப் பாக்கறது? உங்க ரிப்போர்ட் எதையாவது என்னிக்காவது படிச்சிட்டா கையெழுத்துப் போட்டேன்?"

தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். அவரே கணினியில் ஏற்றி அனுப்பினார். பாதி டம்ளரோடு எழுந்து வந்துவிட்டேன். படித்தால் கோபித்துக்கொள்வாரோ என்று ஒரு பயம்.

டிசம்பர் 20

ஒன்றும் இல்லை.

மார்ச் 5, வியாழன்

வந்துவிட்டது. 'இந்த ஆண்டு இடமளிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.' மரியாதையான ஆங்கிலம். குறை சொல்ல முடியாது.

சாயங்காலம் மருமகள் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். கம்பளிக் கையுறை.

"கடைக்காரன் கேக்கறான் மாமா, இந்த ஊர்ல யாருக்கும்மா கையுறை, திருடனுக்கான்னு. எங்க மாமனாருக்குன்னேன். இன்னும் சிரிச்சான். போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. கழற்ற மனம் வரவில்லை, செய்தியைச் சொல்லவும் வாய் வரவில்லை. கையுறையோடு உட்கார்ந்திருந்தேன். அவளும் ஏதோ புரிந்துபோய் உள்ளே போனாள்.

மார்ச் 16

ஆலோசகர் காரணம் கேட்டு எழுதியிருந்தாளாம். பதில் வந்ததாம்: விளக்கக் கட்டுரை பிடித்திருந்தது, அந்தக் கல்லைப் பற்றிய பத்தி குறிப்பாக. ஆனால் பரிந்துரைத்தவருக்கே இவர்மேல் நம்பிக்கை இருப்பதாகத் தெரியவில்லை.

நம்பிக்கை இல்லாதவன் யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 17

கடிதத்தின் நகலை மருமகள் வாங்கிப் படித்தாள். கேலி செய்வாள் என்று நினைத்தேன்.

"இதை அவர் படிச்சாரா மாமா?"

"இல்லை."

"அப்போ அவர்கிட்ட சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது?"

"இப்படி எழுதினேன், படிக்காம போட்டுட்டீங்கன்னு."

என்னால் ஆகாது.

மார்ச் 24

ஃபோன் செய்தேன். மருமகள் எண்ணைப் போட்டுக் கையில் திணித்துவிட்டாள். அதிகாரி, "கிடைச்சிடுச்சா சார்?" என்று சத்தமாகக் கேட்டார். இல்லை என்றேன். காரணத்தையும் சொன்னேன். கடிதத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.



"என் பேர்ல என்னைப் பொய் சொல்ல வெச்சிட்டீங்களே சார்!"

"பொய் ஒண்ணும் இல்லையே சார், எல்லாம் நடந்தது..."

"ஆட்சேபணை இல்லையாம்! நான் எப்போ சார் சொன்னேன் அப்படி?"

வைத்துவிட்டார். இவ்வளவு வருடத்தில் என்மேல் கோபப்பட்டதே இல்லை. இனி அந்தப் பக்கம் போக முடியாது.

அக்டோபர் 5, திங்கள்

புது வருடத்துக்கான விண்ணப்பம் திறந்திருக்கிறது. ஆலோசகர்தான் சொன்னாள். நான் எதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 8

போனேன். வாசலில் நின்று திரும்பிவிடலாமா என்று இருந்தது. அதற்குள் அதிகாரி கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார்.

"வாங்க சார். எழுதிட்டு வந்தீங்களா?"

"இல்லை சார். நான் எழுதலை. நீங்களே எழுதுங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். எழுதிப் பழக்கமே விட்டுப்போச்சு, ஒரு வாரம் குடுங்க என்றார். பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, அந்தக் கல் எந்தப் பாலத்து வேலையில் வந்தது என்று கேட்டார். கல்லைப் பற்றி அவரிடம் நான் பேசியதே இல்லை. ஆபீஸில் என் மேசையில் இருந்ததை அப்போதே பார்த்திருக்கிறார்.

அக்டோபர் 16

அனுப்பிவிட்டேன் என்று ஃபோனில் சொன்னார். என்ன எழுதினீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ? வேகம் குறைவு என்று எழுதியிருப்பாரோ? அந்தக் கடிதத்தை நான் பார்க்கப்போவதில்லை.

கையுறை மேல்தட்டில், பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்தது. ஸ்டூல் போட்டு எடுத்து, தட்டி, கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன்.